ஆணி தீர்ந்த பிப்ரவரி

போலா துறைமுகம், 1947

பிப்ரவரியில் ஊருக்குள் ஆணி தீர்ந்துபோனது.
ரொட்டி இருந்தது, பங்கீட்டு அட்டைக்கு.
நிலக்கரி இருந்தது, ஈரமாக.
பத்துக்கு ஒன்பது வீடு
ஒரே நேரத்தில் பெட்டிக்குள் ஏறப் பார்த்தால்
எந்தக் கொல்லன்தான் என்ன செய்வான்?

ஒனோரினா, புகையிலை ஆலையில் சுருட்டு உருட்டுபவள்,
தட்டுகளையும் அப்படியே உருட்டிச் சுற்றினாள்,
மாதம் முழுக்கச் சேர்ந்த நாளிதழ்களில்.
சூப்புத் தட்டுக்கு லண்டன்:
மின்சாரம் இல்லை, ரயில்கள் பனியில் புதைந்துவிட்டன,
குமாஸ்தாக்கள் மெழுகுவர்த்தியில் கணக்கெழுதுகிறார்கள்.
காப்பிக் கோப்பைக்கு பாரிஸ்:
ஒரு தையற்காரர் ஒரே பாவாடைக்கு
இருபது கெஜம் துணி விட்டிருக்கிறாராம்.
இருபதா என்று மறுபடி படித்தாள்.
அவள் போட்டிருந்த மேலங்கி
ராணுவப் போர்வையை வெட்டித் தைத்தது.

அதே பாரிஸில்தான், இரண்டு நாள் முன்னால்,
ஒரு மேசைமேல் பேனாக்கள் ஓடின.
எல்லைக்கோடு அவள் சமையலறையை இரண்டாக வெட்டவில்லை,
ஊரையே முழுசாக அந்தப்பக்கம் தள்ளிவிட்டது.
'சமாதானம்' என்று தலைப்பு, பெரிய எழுத்தில்.
அந்தத் தாளை எதற்கும் சுற்ற மனம் வரவில்லை.
அடுப்பில் போட்டாள்.
நன்றாகத்தான் எரிந்தது,
நிலக்கரியைவிட.

சர்க்கரைக் கிண்ணத்துக்கு இந்தியா:
ஆங்கிலேயர்கள் அடுத்த வருஷம் ஜூனுக்குள் கிளம்புகிறார்களாம்.
"அவங்களுக்கு ஆணி கிடைக்குதா?" என்றாள்
மூடாத பெட்டியிடம்.

அவள் நாளிதழில் வராதவை சில:
பன்னிரண்டாம் தேதி காலை, ரஷ்யாவின் கிழக்குக் கோடியில்
வானத்திலிருந்து இரும்பு பெய்தது, டன் கணக்கில்.
ஆளில்லாத காட்டில்
மரங்களுக்கு ஆணி அடித்துவிட்டுப் போனது வானம்.
இருபதாம் தேதி நியூ மெக்சிகோ பாலைவனத்தில்
ராக்கெட்டில் பழ ஈக்களை ஏற்றி
விண்வெளிக்கு அனுப்பினார்கள்.
ஈக்கள் உயிரோடு திரும்பின.

கீழ்வீட்டு ப்ரெஷா குடும்பம்
கல்லறையில் அப்பாவைத் தோண்டியெடுத்தது.
அவருக்கும் பெட்டி, அதற்கும் ஆணி.
ஆணிவேர் என்கிறோமே,
வேரைப் பிடுங்கிவிட முடிந்தது.

தச்சன் மாத்தே வந்தான், பனியை உதறியபடி.
அவன் போகவில்லை. அவன் மொழிக்காரர்கள்தான் வருகிறார்கள்.
தகரடப்பாவில் பதினோரு ஆணி,
ஒவ்வொன்றும் வளைந்து, தட்டி நிமிர்த்தியது.
"எங்கே பிடுங்கினாய்?"
"என் முன்கதவில்.
இந்தத் தெருவில் இனி யார் வந்து தட்டப்போகிறார்கள்?"
காசு வாங்க மறுத்தான்.
பிறகு யோசித்து, பாதி வாங்கிக்கொண்டான்.

மூடிக்குப் பன்னிரண்டு வேண்டும்.
சுவரைப் பார்த்தாள்.
நாட்காட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு
அது தொங்கிய ஆணியைப் பிடுங்கினாள்.
கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. பெருக்கினாள்.
விட்டுப்போகிற வீட்டை எதற்குப் பெருக்குகிறோம் என்று
பாதியில் நினைத்து,
பெருக்கி முடித்தாள்.

நிலக்கரித் துறையில் கப்பல்.
வடக்குக் காற்று ஆட்களை முதுகில் பிடித்துத் தள்ளியது.
நாற்காலிகள், தையல் இயந்திரங்கள், ஒரு கட்டில்,
எல்லாவற்றின்மேலும் ஒரே அளவு பனி.
யாரோ பாட ஆரம்பித்து நிறுத்திவிட்டார்கள்.

அங்கோனாவில் பழைய படைக்கொட்டகை.
போர்வை தொங்கவிட்டுப் பிரித்த அறைகள்,
பக்கத்துக் குடும்பத்தின் இருமல் இவள் தலையணையில்.
ஆணி அடிக்கச் சுவர் இல்லை.
நாட்காட்டி பெட்டிக்கடியில் மடங்கிக் கிடக்க,
மார்ச் எப்போது வந்ததென்று அவள் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள், வாளியில் சூப்பு வந்தது.
மூடியை ஒரு மூலையில் மட்டும் நெம்பி
கையை விட்டு ஒரே ஒரு தட்டை எடுத்தாள்.
மற்ற தேசங்கள் சுற்றியபடியே இருந்தன.
தாளைப் பிரித்து மடிமேல் நீவினாள்,
சூப்பு ஆறும்வரை படித்தாள்.
லண்டனில்
இன்னும் மின்சாரம் வரவில்லை.